மின்சாரச் சந்தையை அக்கம்பக்கத்துக்கு எப்படிச் சொல்லித்தருவது: மேடையா, மேசையா, எல்லை தாண்டிய கூட்டா?

சிங்கப்பூர் உட்லண்ட்சில் எங்கள் வசிப்போர் குழுவில் போன மாதம் ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை. கையில் இருப்பது மூன்று மாதம், ஏழெட்டுத் தொண்டூழியர்கள், கொஞ்சம் பணம். புளோக்கில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, முக்கியமாக மூத்தோருக்கு, மின்சார விற்பனை நிறுவனங்களுக்கு இடையே உள்ள போட்டியைப் புரியவைக்க வேண்டும். எப்படி என்பதில் மூன்று யோசனைகள் வந்தன. சமூக மன்ற மண்டபத்தில் பெரிய பேச்சு வைக்கலாம் என்றார் ஒருவர். கீழ்த்தளத்தில் மேசை போட்டு ஒவ்வொருவர் பில்லையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், மின்சாரம் இப்போது நாடு விட்டு நாடு வருகிறதே, நாம் மட்டும் ஏன் தனியாகச் செய்ய வேண்டும், ஜோகூர், பினாங்கு, மணிலாவில் இருக்கும் பயனீட்டாளர் அமைப்புகளோடு சேர்ந்து செய்வோம் என்றார். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு எது சரியென்று படுகிறது, ஏன் என்று எழுதிவைத்தால் குழுவுக்கு மட்டுமல்லாமல் வேறு வட்டாரங்களில் இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதைச் சொல்லித்தரப் போகிறோம் என்று தெளிவாக வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் மூன்று வழியும் வீண்தான்.

நம் நாட்டில் மின்சாரம் வாங்குவதில் தேர்வு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2001ல் பெரிய தொழிற்சாலைகளுக்கு வந்தது, பிறகு படிப்படியாகக் கீழே இறங்கி 2015ல் மாதம் 2,000 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் கடைகளுக்கு வந்தது. வீடுகளுக்கு 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் முன்னோட்டம் பார்த்தார்கள், நவம்பரிலிருந்து வட்டாரம் வட்டாரமாகத் திறந்து, 2019 மே 1ல் தீவு முழுவதும் முடித்தார்கள். பொது மின்சாரச் சந்தை என்று பெயர். சில ஆண்டுகளில் கிட்டத்தட்ட பாதிக் குடும்பங்கள் அதுவரை வீடுகளுக்கு மின்சாரம் விற்றுவந்த எஸ்பி குழுமத்தின் கட்டணத்திலிருந்து ஏதோ ஒரு விற்பனை நிறுவனத்துக்கு மாறிவிட்டன. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கூடாரம் போட்டு, பற்றுச்சீட்டு கொடுத்து ஆள் சேர்த்தார்கள். அன்று மக்களுக்கு எட்டிய பாடம் ஒன்றே ஒன்றுதான்: மாறினால் மலிவு.

அப்புறம் 2021 இறுதி வந்தது. உலகம் முழுக்க எரிவாயு விலை எகிறியது. நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு அளவுக்கு இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருகிறது, அதனால் இங்கே மொத்தச் சந்தையில், அரை மணிக்கு ஒரு விலை என்று போகும் அந்தச் சந்தையில், விலை கண்டபடி ஏறியது. மக்களிடம் நிலையான விலைக்கு விற்றுவிட்டு, மொத்தச் சந்தையில் போதிய முன்னேற்பாடு இல்லாமல் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. எங்கள் வீடு சேர்ந்திருந்த நிறுவனமும் அதில் ஒன்று. கடிதம் வந்த அன்று என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ராத்திரிக்குக் கரண்டு இருக்குமா?" என்பதுதான். இருந்தது. ஒரு நொடிகூட விளக்கு அணையவில்லை, கணக்கு எஸ்பி குழுமத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு ஆண்டு விலை மாறாது என்று நம்பிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் பாதியில் போனது, புதிதாகக் கிடைத்த விலையெல்லாம் பழையதைவிடக் கூடுதல். மூன்று வருடம் முன்பு வந்த விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இருக்கவில்லையே என்று அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அதனால் என் கணக்கில், சொல்லித்தர வேண்டியது "யார் மலிவு" என்பது இல்லை. விலை ஏறினால் அந்தப் பாரம் யார் தலையில் விழும் என்பதுதான். இதைப் புரிந்துகொண்டவர் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் பிறகு ஏமாந்தேன் என்று சொல்ல மாட்டார்.

எண்ணில் பார்த்தால் சட்டென்று விளங்கும். எஸ்பி குழுமத்தின் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், எரிசக்திச் சந்தை ஆணையம் பார்த்து ஒப்புக்கொள்ளும். எரிபொருள் பங்கை முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாத எரிவாயு விலைச் சராசரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை அது பொருள் சேவை வரிக்கு முன் யூனிட்டுக்கு 19.60 காசு. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2022ன் அதே காலாண்டில், 30.17 காசு. மாதம் 350 யூனிட் எரியும் வீட்டுக்கு 68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 60 காசாக இருந்தது 105 வெள்ளி 60 காசாக ஆகிவிட்டது. இந்த இரண்டு வருடமும் நிலையான விலைத் திட்டத்தில், நிறுவனம் தாக்குப்பிடித்த இடத்தில் இருந்தவருக்கு இந்த ஏற்றம் தெரியவே தெரியாது. எஸ்பி கட்டணத்தில் இத்தனை விழுக்காடு தள்ளுபடி என்ற திட்டத்தில் இருந்தவருக்கு முழுசாகத் தெரிந்திருக்கும்: 5 விழுக்காடு தள்ளுபடி என்றாலும் 28.66 காசு. தள்ளுபடி என்ற சொல் இனிப்பாக இருக்கிறது, ஆனால் எதிலிருந்து தள்ளுபடி என்று கேட்க வேண்டும். மறுபக்கம், உச்சத்தில் பயந்துபோய் இரண்டு வருடத்துக்கு நிலையான விலையைப் பூட்டியவர், பிறகு கட்டணம் இறங்கியபோது கூடுதலாகக் கட்டியிருக்கவும் கூடும். எந்தத் திட்டமும் எல்லாருக்கும் எப்போதும் நல்லது இல்லை.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

மண்டபப் பேச்சை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். ஒரே நாளில் நூறு பேருக்குச் சொல்லலாம், செலவு குறைவு, திரையில் ஆணையத்தின் விலை ஒப்பீட்டு இணையத்தளத்தைக் காட்டலாம், இதெல்லாம் உண்மை. ஆனால் 2018ல் நடந்ததும் ஏறக்குறைய இதுதானே. வீட்டுக்கு வீடு தகவல் புத்தகம் வந்தது, கண்காட்சி வைத்தார்கள், கேட்டவர்கள் தலையாட்டினார்கள், வீட்டுக்குப் போய் மருமகன் சொன்ன நிறுவனத்தில் சேர்ந்தார்கள். மண்டபத்தில் யாரும் தன் பில்லைத் தூக்கிக் காட்டிக் கேள்வி கேட்க மாட்டார். நூறு பேர் முன்னால் "எனக்கு இது புரியல" என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம், அதிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

மேசை வேறு மாதிரி. போன ஆண்டு தீபாவளிக்கு முன்னால் நானும் ஒரு தோழரும் வேறொரு வேலைக்காகக் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். சந்தைக்குப் போய்விட்டு வந்த ஒரு பாட்டி காய்கறித் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, "தம்பி, கம்பெனி மாத்தினா ஒயரெல்லாம் மாத்தணுமாமே, உண்மையா?" என்று கேட்டார். இந்தச் சந்தேகம் எத்தனை பேரைத் தடுத்து வைத்திருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. கம்பி, மீட்டர், துணைநிலையம் எல்லாம் எஸ்பி குழுமத்தின் பொறுப்பு, எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் அதே கம்பியில்தான் அதே மின்சாரம் வரும், மாறுவது விலையும் ஒப்பந்தமும் மட்டும்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பில்லை எடுத்துவரச் சொல்லி, யூனிட் எங்கே இருக்கிறது, ஒரு யூனிட் விலை எங்கே இருக்கிறது, தண்ணீர், எரிவாயு, குப்பைக் கட்டணம் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார். அடுத்த கேள்வி, "அப்ப யூ-சேவ் போயிருமா?" போகாது. யூ-சேவ் என்பது பில்லில் அரசு தரும் கழிவு, வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் தகுதியுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கு அது வரும். இருபது நிமிடம் ஆனது. அவர் மாறவில்லை, எஸ்பியிலேயே இருந்துவிட்டார். அவருக்கு மாதம் 120 யூனிட்தான், இரண்டு காசு மிச்சமானால் இரண்டு வெள்ளி 40 காசு, அதற்காக ஒப்பந்தம், முன்பணம், இடையில் விலகினால் கட்டணம் என்று தலையைக் கொடுக்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். எனக்கு அது முழு வெற்றி. மாறாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான், தெரிந்து இருந்தால்.

மேசையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலைப்பொழுதில் எட்டுக் குடும்பத்துக்கு மேல் முடியாது. உட்காரும் தொண்டூழியருக்கு விஷயம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, "நீயே ஒண்ணு சொல்லு தம்பி" என்று கேட்கும்போது எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லக் கூடாது. இது சுலபமில்லை. அன்பாகக் கேட்பவரிடம் பெயர் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு மாதிரி தோன்றும். ஆனால் நாம் பெயர் சொன்ன நிறுவனம் நாளைக்கு வெளியேறினால், அந்த மேசைக்கு யாரும் திரும்ப வர மாட்டார்கள். அப்புறம், வீட்டு வாசலில் வந்து நின்று பில்லைக் காட்டுங்கள் என்று கேட்பவர்களிடம் காட்டாதீர்கள் என்று நாமே சொல்லிவிட்டு, கீழ்த்தளத்தில் நாமே பில்லைக் கேட்கிறோம். அதனால் குழுவின் அடையாள அட்டை, தெரிந்த முகம், பில்லைப் படம் எடுப்பதில்லை, கணக்கு எண்ணைக் கையால் மறைத்துக்கொள்ளலாம் என்ற விதி, இதெல்லாம் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது யோசனையில்தான் எனக்கு அதிக நேரம் போனது, ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

வாதம் இப்படிப் போகிறது. 2022 ஜூனில் லாவோசின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக நமக்கு வர ஆரம்பித்தது, அதிகபட்சம் 100 மெகாவாட். ஆசியானில் நான்கு நாடு சேர்ந்து எல்லை தாண்டி மின்சாரம் விற்று வாங்கியது அதுதான் முதல்முறை. 2024ல் அந்த உச்சவரம்பை 200 மெகாவாட்டாக உயர்த்தினார்கள். நம் உச்ச நேரத் தேவை 7,000 மெகாவாட்டைத் தாண்டும் என்பதால் இது சின்ன அளவுதான். ஆனால் 2035க்குள் 6,000 மெகாவாட் அளவுக்குக் குறைந்த கரிம மின்சாரத்தை வெளியிலிருந்து கொண்டுவர இலக்கு வைத்திருக்கிறார்கள், அது அப்போதைய தேவையில் மூன்றில் ஒரு பங்கு. இந்தோனேசியா, கம்போடியா, வியட்னாமிலிருந்து வரும் திட்டங்களுக்கு நிபந்தனையோடு ஒப்புதலும் கிடைத்திருக்கிறது. ஆசியான் மின்கட்டமைப்பு என்ற கனவு 1997லிருந்தே பேசப்படுவது. மின்சாரம் கூட்டாக வரும்போது பயனீட்டாளர் கல்வி மட்டும் ஏன் தனித்தனி?

நல்ல கேள்வி. ஆனால் அக்கம்பக்க நாடுகளில் ஒரு சாதாரண வீட்டுக்கு என்ன தேர்வு இருக்கிறது என்று பார்த்தபோது என் உற்சாகம் கொஞ்சம் அடங்கியது. ஜோகூர் பாருவில் இருக்கும் என் சித்தப்பா மகளிடம், "உங்க வீட்டுல எந்தக் கம்பெனிக்கா?" என்று கேட்டேன். "எந்தக் கம்பெனியா? டிஎன்பிதான், வேற என்ன இருக்கு?" என்றார். டிஎன்பி என்பது அங்கே மின்சாரம் தரும் தெனாகா நேஷனல் நிறுவனம், தீபகற்ப மலேசியாவில் வீடுகளுக்கு விற்பனை நிறுவனத் தேர்வு கிடையாது. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் வியட்னாமிலும் வீடுகளுக்கு அதே நிலைதான். பிலிப்பீன்ஸ் 2001லேயே சட்டம் போட்டு, 2013ல் சில்லறைப் போட்டியைத் திறந்தது. ஆனால் முதலில் 1 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கும் பெரிய பயனீட்டாளருக்கு, பிறகு 750 கிலோவாட், பிறகு 500 கிலோவாட் என்று இறங்கியது, ஒரு தனி வீடு அதில் வராது. ஆக, வீட்டுக்கு வீடு நிறுவனம் தேர்ந்தெடுக்கும் அனுபவத்தில் இந்த வட்டாரத்தில் நாம் தனியாகத்தான் நிற்கிறோம். முன்பணம், இடைவிலகல் கட்டணம், தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தம், இதையெல்லாம் மணிலாவில் இருக்கும் அமைப்பிடம் கேட்டு நம் பாட்டிக்குச் சொல்லித்தர முடியாது. அங்கே அந்தப் பிரச்சினையே வீட்டுக்கு வரவில்லை.

அதற்காக அக்கம்பக்கத்தில் கற்க ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. அதே அக்காவிடம் பேசும்போது இன்னொன்று தெரிந்தது. மலேசியாவில் 2025 ஜூலையிலிருந்து எரிபொருள் விலை மாற்றத்தை மாதாமாதம் பில்லில் சேர்க்கிறார்கள் அல்லது கழிக்கிறார்கள், 600 யூனிட்டுக்குள் எரிக்கும் வீடுகளுக்கு அது கிடையாது. அதனால் அவருக்கு, தான் 600ஐத் தாண்டுகிறோமா இல்லையா என்பது மனப்பாடம். எரிபொருள் விலையால் தன் பில் எப்போது மாறும், எப்போது மாறாது என்று கம்பெனியே தேர்வு செய்ய முடியாத அவருக்கு என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இங்கே அந்த விவரம் ஒரே விலைக்குள் அடங்கிவிடுகிறது, நிறுவனம் நிறுவனமாகப் போய் விலை பார்க்கிறோமே தவிர விலை ஏன் மாறுகிறது என்று கேட்பதில்லை.

இன்னொன்று, தமிழில் எழுதும் விஷயம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சாதாரண மக்களுக்குப் பொருள், விலை, உரிமை பற்றி எழுதி வருகிறது, அதுவும் மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும். அதை நீண்டகாலம் வழிநடத்திய எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் 2019ல் காலமானார். சிக்கலான விஷயத்தைத் தோட்டத்துத் தமிழருக்கும் புரியும்படி சொல்லும் பழக்கம் அங்கே இருக்கிறது. நம்மிடம் 1971லிருந்து இயங்கும் கேஸ் என்ற பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, புகார் என்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் மின்சார ஒப்பந்தத்தை எளிய தமிழில் விளக்கும் ஒரு தாள் எங்கள் மூத்தோர் கையில் இன்னும் இல்லை. "இடைவிலகல் கட்டணம்" என்று அச்சடித்தால் யாருக்குப் புரியும்? "பாதியில் விட்டால் கட்ட வேண்டிய பணம்" என்றால் புரியும். இந்த மாதிரிச் சொல்லாக்கத்துக்குக் கூட்டு வேலை பெரிய உதவி.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களையும் மறக்கக் கூடாது. "ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், இங்க ஏன் இல்ல?" என்று கேட்பார்கள். அங்கே அரசு மின்சார நிறுவனத்துக்கு மானியம் கொடுத்து எல்லா வீட்டுக்கும் விலையைக் குறைக்கிறது, இங்கே விலையை அப்படியே விட்டுவிட்டுத் தேவைப்படும் வீட்டுக்கு யூ-சேவாகக் கொடுக்கிறார்கள் என்று சொன்னால் ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஊர் இருந்தால் நம் ஊர் நன்றாகத் தெரிகிறது. கூட்டு முயற்சியின் உண்மையான பலன் எனக்கு இங்கேதான் தெரிகிறது, மாநாட்டிலோ கூட்டறிக்கையிலோ இல்லை.

என் முடிவு இதுதான். முதல் இரண்டு மாதம் மேசை. பணத்தில் பெரும்பகுதி தொண்டூழியர் பயிற்சிக்கும் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு பக்கத் தாளுக்கும் போகட்டும். எல்லை தாண்டிய கூட்டை நிறுத்திவைக்க வேண்டாம், ஆனால் அதைச் சின்னதாக வைத்துக்கொள்வோம்: அந்தத் தாளின் தமிழை அச்சுக்கு முன் பினாங்கிலும் ஜோகூரிலும் இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்துக் கேட்பது, மாதம் ஒருமுறை இணையத்தில் ஒரு மணி நேரம் பேசி இங்கே மேசையில் வந்த கேள்விகளை அங்கேயும் அங்கே வந்தவற்றை இங்கேயும் பரிமாறுவது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தின் பங்கு கூடக் கூட அந்த ஒரு மணி நேரம் போதாமல் போகும். லாவோஸ் அணையிலோ ஜோகூர் நீரிணைக்கு அடியில் போகும் கேபிளிலோ ஏதாவது நடந்தால் விலை யார் தலையில் என்ற கேள்வி நான்கு நாட்டு வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் வரும், அன்றைக்குப் பேச ஆள் தெரிந்திருக்க வேண்டும். இப்போதே பழகிக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

எல்லா வட்டாரத்துக்கும் இது பொருந்தாது. இளம் குடும்பங்கள் நிறைந்த புதிய பேட்டை என்றால் மேசைக்கு யாரும் வர மாட்டார்கள், அவர்கள் ஒப்பீட்டுத் தளத்தைத் தாங்களே பார்த்துவிடுவார்கள். அங்கே வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தாளைப் போட்டு, ஒப்பந்தம் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள் என்று நினைவூட்டினாலே பாதி வேலை முடிந்தது. தொண்டூழியர் இரண்டே பேர் இருக்கும் குழுவுக்கு மண்டபப் பேச்சைவிட்டால் வேறு வழி இல்லாமலும் போகலாம், அப்படியானால் பேச்சு முடிந்ததும் அரை மணி நேரம் பில்லோடு உட்கார இரண்டு மேசையாவது பின்னால் போட்டுவையுங்கள்.

தாளில் ஐந்து கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். மாதம் எத்தனை யூனிட் எரிக்கிறீர்கள்? சொல்லப்பட்ட விலை வரிக்கு முன்பா பின்பா? எஸ்பி கட்டணம் ஏறினால் உங்கள் விலையும் ஏறுமா? பாதியில் விட்டால் எவ்வளவு? ஒப்பந்தம் முடிந்த மறுநாள் என்ன விலை? ஆறாவதாக, நிறுவனம் வெளியேறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அது பயமுறுத்தும் என்று இன்னொருவர் தடுத்தார். சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. விளக்கு அணையாது, கணக்கு எஸ்பிக்குப் போகும், விலை மட்டும் மாறும் என்று பதிலையும் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு மேசை போடுகிறோம். வருகிறவர்கள் கடைசி இரண்டு மாத பில்லையும், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தால் அதையும், மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.